காய்க்காத கோவைக்கொடியும் ரோஸ்லின் டீச்சரும்

செய்தி வந்தபோது நான் மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழாசிரியை வளர்மதி போன் செய்தார். எடுத்தவுடன், "டீச்சர், உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும் வயது எங்களுக்கு.

"நம்ம ரோஸ்லின் டீச்சர் போயிட்டாங்க. சிதம்பரத்துல, பொண்ணு வீட்டுல. காலையில ஜெபம் முடிச்சாங்களாம், காபி குடிச்சாங்களாம், டம்ளரைக் கீழ வச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்களாம். ஒரு வலி இல்ல, ஒரு ஆஸ்பத்திரி இல்ல."

எனக்கு அழுகை வரவில்லை. 'இதிலும் முந்திக்கொண்டாளா?' என்றுதான் முதலில் தோன்றியது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இரண்டு முழங்காலும் போய்விட்டன, மாத்திரை டப்பாவில் காலைக்கும் மாலைக்கும் தனித்தனி அறை வைத்திருக்கிறேன். அந்த அம்மாள் காபியைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இதைப் படிக்கும் நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். சுளித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நான் ஐந்து நிமிடம் பேசினேன். தியாகம், சேவை, புன்னகை என்று எல்லோரும் சொன்னதையே சொன்னேன். அதில் ஒரு வாக்கியம்கூட என்னுடையது இல்லை. இப்போது நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "அழகா எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார் வளர்மதி. அழகாக வருமா என்று தெரியாது. உண்மையாக எழுதிவிடுகிறேன்.

கடலூரில் நம்முடைய பெண்கள் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியை, நான் தாவரவியல் ஆசிரியை. அவரைப் பி.டி. டீச்சர் என்பார்கள், என்னைப் பாட்டனி டீச்சர் என்பார்கள். இருபத்தொரு வருடம் ஒரே ஆசிரியர் அறை. போதாததற்கு ஒரே தெரு. என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி அவர் வீடு. என் கணவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் ரோஸ்லின் டீச்சர் தன் வாசலில் நின்று வேலிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். "அந்த டீச்சர் தூங்குவாங்களா மாட்டாங்களா?" என்று இவர் வியந்துகொண்டே போவார். வியப்பதற்கு அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அந்த வேலியில்தான் கோவைக்கொடி இருந்தது. வெறும் கோவைக்கொடிதானே என்று நினைக்காதீர்கள். வருடத்தில் பாதி நாள் விரல் நீளக் காய், பச்சைப் பசேலென்று, வெள்ளைக் கோடு போட்டு, கொத்துக் கொத்தாகத் தொங்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்லின் டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்தால் போதும், கோவக்காய் வறுவல் வாசனைக்குக் கணக்கு டீச்சரிலிருந்து தலைமையாசிரியை வரை எல்லோரும் தட்டை நீட்டுவார்கள். நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து, சோம்பு தட்டிப் போட்டு, அடிபிடிக்கும் பதத்தில் இறக்கியிருப்பார். நானும் நீட்டினேன், பொய் சொல்லவில்லை. ருசித்த நாக்குதான் எரிந்தது.

என் வீட்டிலும் தோட்டம் உண்டு. இலை சுருண்ட தக்காளி, பூத்துப் பூத்து உதிர்ந்த கத்தரி, பெயருக்கு ஒரு பாகல். ஒருநாள் தலைமையாசிரியை வறுவலை மென்றுகொண்டே, "பாட்டனி டீச்சர், உங்க வீட்ல இப்ப என்ன காய்க்குது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி, "ஏட்டுச் சுரைக்காய்" என்றார். அறையே சிரித்தது. வளர்மதி டீச்சர், இதையும் நீங்கள்தான் அச்சுக்கு அனுப்பப் போகிறீர்கள், வெட்டிவிடாதீர்கள்.

அன்று சிரிக்காதவர் ஒருவர்தான். ரோஸ்லின் டீச்சர் என் பக்கம் திரும்பி, "கோவைக்குப் பெரிய வேலை ஒண்ணும் இல்ல டீச்சர். நல்ல கொடியில ஒரு துண்டு ஒடிச்சு நட்டா போதும். வேணும்னா நாளைக்கே வெட்டித் தரேன்" என்றார். எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாரே! டிரில் எடுக்கும் டீச்சரிடம் தாவரவியல் டீச்சர் கைநீட்டிச் செடி வாங்குவதா? "வேணாம் டீச்சர், எங்க வீட்ல கோவக்காய் யாரும் தொடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். என் கணவர் கோவக்காய்க்கு உயிரை விடுவார்.

"செடிக்குப் பாடம் நடத்தாதீங்க டீச்சர், தண்ணி ஊத்துங்க" என்று இன்னொரு நாள் சொன்னார். நான் மண்ணின் அமிலத்தன்மை பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது சொன்னது. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தை நான் மறக்க எத்தனை வருடம் முயன்றேன் தெரியுமா? இன்றுவரை முடியவில்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும் மாதாவின் திருவிழாவுக்கு அவர் வேளாங்கண்ணி போவார். தெருவிலிருந்து ஒரு கூட்டமாக நடந்தே போவார்கள். வீட்டில் நாலைந்து நாள் ஆள் இருக்காது. அப்படி ஒரு செப்டம்பரில், ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நான் அவர் வீட்டு வேலிக்குப் போனேன். கையில் ஆய்வகக் கத்தரிக்கோல்.

நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கி நட்ட செடியைவிடத் திருடிக்கொண்டுவந்து நட்ட செடி நன்றாக வரும் என்பார்கள். கறிவேப்பிலைக்குச் சொல்வார்கள், ரோஜாவுக்குச் சொல்வார்கள். கோவைக்கும் பொருந்தாமலா போகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வாசல் பக்கத்துக் கொடியில் காய் தொங்கியது. அதில் கை வைத்தால் வந்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். அதனால் பக்கத்துச் சந்துப் பக்கம் போனேன். அங்கே ஒரு கொடி, மூலைக் கம்பத்தில் ஏறி, இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது. அதில் காய் ஒன்றுகூட இல்லை. காய் இல்லாததால் வெட்டினாலும் தெரியாது, இவ்வளவு செழிப்பு வேறு எந்தக் கொடியிலும் இல்லை என்று இரண்டு காரணம் கண்டுபிடித்தேன். நான்கு கணு விட்டு, கணுவுக்குக் கீழே சாய்வாக, பாடப் புத்தகத்தில் இருப்பது போலவே வெட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

கொடி நன்றாக வந்தது. திருட்டுச் செடி பற்றிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்றே மாதத்தில் பந்தல் முழுக்கப் படர்ந்தது. வெள்ளை வெள்ளையாக, நட்சத்திரம் போலப் பூ. தினமும் எழுந்தவுடன் போய்ப் பார்ப்பேன். பூ உதிர்ந்து கிடக்கும், காய் இருக்காது. புளித்த மோர் ஊற்றினேன். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். பஞ்சகவ்யம் வாங்கி ஊற்றினேன், அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். எண்ணெய்ச் செலவுதான் ஆனதே தவிரப் பிள்ளை பிழைத்தபாடில்லை. வேலியோரம், கேட்டுக்குப் பக்கத்தில், காட்டுக் கோவை வேறு அவ்வப்போது தலைகாட்டியது. பறவை எச்சத்தில் முளைத்த கசப்புக் கோவை என்று பார்க்கும்போதெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

ஒருநாள் காலை நடைக்குப் போன ரோஸ்லின் டீச்சர் என் வாசலில் நின்று பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"ரொம்ப நல்லா படர்ந்திருக்கே டீச்சர். எங்க வாங்குனீங்க?"

"பண்ருட்டி நர்சரியில."

"பண்ருட்டியா?" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "காய் பிடிச்சிருக்கா?"

"இனிமேதான்."

"சரிதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்குப் பகீர் என்றது. திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, கண் வைத்துவிட்டார் என்று பயந்தேன். அன்றைக்கே கணவருடைய பழைய செருப்பு ஒன்றைத் தேடி எடுத்துப் பந்தல் காலில் கட்டித் தொங்கவிட்டேன். தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான்.

இதற்கிடையில் அவர் வீட்டில் மட்டும் காய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்த வருடம் அவர்கள் சந்துப் பக்கம் மதில் சுவர் எழுப்பினார்கள். அதற்காக அந்த மூலைக் கொடியை எடுத்துவிட்டார்கள். அப்படியும் மற்ற கொடிகளில் காய் குறையவில்லை. தெரு முழுக்கக் கொடுத்தார். வாரம் ஒருமுறை என் கேட்டிலும் ஒரு மஞ்சப்பை தொங்கும். ஒருமுறை நேரில் கொண்டுவந்து கொடுத்து, "உங்க புண்ணியத்துல இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தி டீச்சர்" என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். மதியம் என் கணவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, "அந்த டீச்சர் கைராசியே தனி" என்றார். அன்று சாயங்காலம் அவருக்குக் காபி போடவில்லை.

கோவைக்காயோடு இந்தப் பொறாமை நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை ஆசிரியர்களெல்லாம் சேர்ந்து திருவதிகை கோயிலுக்குப் போனோம். ரோஸ்லின் டீச்சரும் வேனில் வந்தார். "நீங்க உள்ள போய் நிம்மதியா கும்பிட்டு வாங்க, செருப்பெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் தரிசனம் முடித்து வெளியே வந்தால், போலீஸ் உடுப்பில் ஒரு பெண் அவர் காலில் விழுந்து எழுந்திருக்கிறாள். நம் பள்ளியில் கபடி ஆடியவளாம், இப்போது சப்-இன்ஸ்பெக்டர். "டீச்சர் அன்னைக்கு எங்கப்பாகிட்ட வந்து சண்டை போடலன்னா, எனக்குப் பதினேழு வயசுல கல்யாணம் முடிஞ்சிருக்கும்" என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டு, தயங்கித் தயங்கி, "மேடம், நீங்க எந்த சப்ஜெக்ட்?" என்றாள். இரண்டு வருடம் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். உள்ளே சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது அந்த நிமிடத்தோடு மறந்துபோயிற்று. வேனில் திரும்பும்போது ரோஸ்லின் டீச்சர், "பிள்ளைங்க பாடத்த மறந்துடும் டீச்சர், படிச்சது மறக்காது" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அவர் ஆறுதல் சொல்வதுதான் பிடிக்கவில்லை.

என் கொடியின் மர்மம் ஆய்வகத்தில் வெளிப்பட்டது. பூவின் பாகங்களைப் பிரித்துப் பார்க்கும் செய்முறை வகுப்பு. வழக்கமாகச் செம்பருத்திதான் கொடுப்போம். அன்று கிடைக்கவில்லை. காய்க்காத கொடி இதற்காவது உதவட்டுமே என்று ஒரு பை நிறையக் கோவைப் பூ பறித்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் ஊசியால் பிரித்தார்கள். முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "டீச்சர், என் பூவுல சூலகம் இல்ல" என்றாள். "சரியாகப் பார்" என்றேன். "எனக்கும் இல்ல டீச்சர்." "எனக்கும்." பின்வரிசை வரைக்கும் அதே குரல். மகரந்தம் மட்டும்தான் இருந்தது. பெண் பூ என்றால் பூவுக்கு அடியில் குட்டியாக ஒரு காய் போலவே இருக்கும். ஒன்றில்கூட இல்லை.

கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடி எத்தனை பூத்தாலும் காய்க்காது; அதன் மகரந்தம் பெண் கொடிக்குப் போனால் பெண் கொடி காய்க்கும். ஆண் கொடியில் வெட்டிய துண்டு ஆண் கொடியாகத்தான் வளரும். இதை நான் வருடா வருடம் ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். பாடத்தில் வரும் கோவை வேறு, என் பந்தலில் ஏறிய கோவை வேறு என்று இருந்துவிட்டேன். வளர்மதி சொன்ன ஏட்டுச் சுரைக்காய் சரிதான்.

அப்போதாவது என் தவறு எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. 'ஆண் கொடியை வேண்டுமென்றே சந்துப் பக்கம் விட்டிருக்கிறாள். திருட வருகிறவர்கள் அதில்தான் கை வைப்பார்கள் என்று தெரிந்தே விட்டிருக்கிறாள்' என்று தோன்றியது. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது. வெளியே சொல்லவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். பொங்கல் விடுமுறையில் அரிவாளை எடுத்துக் கொடியை அடியோடு வெட்டினேன். வேரையும் தோண்டி வெந்நீர் ஊற்றினேன்.

இரண்டு நாள் கழித்து ரோஸ்லின் டீச்சர் வந்தார். வாசலிலேயே நின்று வெறும் பந்தலைப் பார்த்தார்.

"கொடிய எடுத்துட்டீங்களா டீச்சர்?"

"ஆமா. காய்க்கல. எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு?"

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பூவாவது இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் அவர் வேலியில் காய் குறைந்தது. பிஞ்சு விட்டு, மஞ்சளாகி, உதிர்ந்தது. டிபன் டப்பாவில் வாழைக்காய் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது. நான் ஒரு தாவரவியல் ஆசிரியை. நாலு வீடு தள்ளி ஏன் காய் குறைந்தது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் அவர் ஓய்வுபெற்றுச் சிதம்பரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். தெருவே வழியனுப்பப் போனது. எனக்குத் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். சென்ற வருடம் சிதம்பரத்தில் ஒரு திருமணத்துக்குப் போனபோது வளர்மதி என்னை இழுத்துக்கொண்டு போனார். ரோஸ்லின் டீச்சர் இளைத்திருந்தார், ஆனால் அதே நிமிர்ந்த முதுகு. மாடியில் பெரிய தொட்டியில் கடலூர்க் கொடியின் துண்டை நட்டு வளர்த்திருந்தார். அக்கம்பக்கத்து வேலியில் எங்கோ ஆண் கொடி இருந்திருக்கும், நாலு காய் தொங்கியது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க டீச்சர். இது நல்ல கொடி" என்றார். இரண்டாம் முறை கேட்கிறார். என்னிடம் அப்போதும் அதே பதில்தான் இருந்தது. "இப்பல்லாம் யாரு டீச்சர் தண்ணி ஊத்துறது?" என்றேன்.

சாவுக்குப் போக பஸ்ஸில் ஏறினேன். செம்மங்குப்பம் தாண்டும்வரை, கூட்டம் எவ்வளவு இருக்கும் என்ற நினைப்புதான். எனக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், விரல் மிஞ்சியது. போய்ப் பார்த்தால் தெரு அடைத்துக்கொண்டு பிள்ளைகள். பிள்ளைகள் என்றா சொன்னேன்? நரை விழுந்த பெண்கள். அந்த சப்-இன்ஸ்பெக்டர் உடுப்போடு வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்று சல்யூட் அடித்தாள். ரோஸ்லின் டீச்சர் முகத்தில் நோயின் சுவடே இல்லை, வகுப்பு முடிந்து உட்கார்ந்த முகம். அங்கேயும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இனி என்னைத் திருத்த முடியாது.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் அவர் மகள் ஷீபா என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் தெருவில் வளர்ந்த பெண், என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். அவள்தான் தொட்டியைக் காட்டி ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட இந்தக் கொடியப் பத்திப் பேசணும்னு அம்மாவுக்கு ரொம்ப ஆசை ஆன்ட்டி. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லாமலே விட்டுட்டாங்க."

"என்ன சங்கடம்?" என்றேன்.

"வேளாங்கண்ணியில இருந்து வந்த அன்னைக்கே பார்த்துட்டாங்க. சந்துப் பக்கம் வெட்டியிருந்த இடத்தக் காட்டி, 'கணுவுக்குக் கீழ இவ்வளவு சுத்தமா, சாய்வா வெட்டுற ஆளு ஊருலயே பாட்டனி டீச்சர் ஒருத்தங்கதான்'னு சிரிச்சாங்க. அப்புறம்தான், 'ஐயய்யோ, மாப்பிள்ளைக் கொடியில வெட்டிட்டாங்களே'ன்னு வருத்தப்பட்டாங்க. ஆண் கொடிய அம்மா மாப்பிள்ளைக் கொடின்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா திருட்டு தெரிஞ்சுபோச்சுன்னு நீங்க கூசிப்போயிடுவீங்களாம். அதனால பெண் கொடியில துண்டு வெட்டி, நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் உங்க கேட்டுக்குப் பக்கத்துல நட்டுட்டு வருவாங்க. அதுக்காகவே லேட்டா கிளம்புவாங்க. மூணு தடவ நட்டாங்க ஆன்ட்டி. மூணு தடவையும் நீங்க பிடுங்கிப் போட்டுட்டீங்க."

காட்டுக் கோவை என்று நான் பிடுங்கியதெல்லாம் அவர் நட்டது.

"மதில் கட்டுறப்ப எங்க மாப்பிள்ளைக் கொடி போயிடுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல காய்ச்சதெல்லாம் உங்க வீட்டுப் பூவாலதான். அதான் வாரா வாரம் பை நிறையப் போட்டுக் குடுத்தாங்க. 'அவுங்க பங்கு'ன்னு சொல்லுவாங்க. நீங்க வெட்டினப்புறம் நான்தான், வேற ஆண் கொடி எங்கேயாவது வாங்கி வையும்மான்னேன். 'இருடி, டீச்சர் மறுபடி வைப்பாங்க'ன்னு காத்துக்கிட்டே இருந்தாங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஷீபா என் தோளைப் பிடித்துக்கொண்டாள், துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். துக்கமும் இருந்தது. ஆனால் அதில் பாதி ஆத்திரம். கெட்டவர் என்று நினைத்துப் பொறாமைப்பட ஒரு சௌகரியம் இருந்தது, அதையும் இந்த மகள் பிடுங்கிக்கொண்டாள். நல்லவராக இருப்பதிலும் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்திருக்கிறார், அதையும் சத்தம் காட்டாமல். எனக்கு ஏன் ஒருநாளும் அப்படி ஒன்று தோன்றவில்லை? கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போகத் தெரிந்த எனக்கு, "டீச்சர், ஒரு துண்டு குடுங்க" என்று நாலு சொல் சொல்லத் தெரியவில்லையே. அவர் உயிரோடு இருந்தவரை என்னிடமிருந்து எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

ஷீபா, "ஒரு துண்டு வெட்டித் தரட்டுமா ஆன்ட்டி?" என்றாள். எத்தனையாவது முறையோ அந்த வீட்டில் என்னை இப்படிக் கேட்கிறார்கள். "இரும்மா, நீ கேக்காத" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் நின்று, "ஷீபா, எனக்கு ஒரு துண்டு குடுப்பியா?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறைக் கத்தியால் கோணல்மாணலாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

ரோஸ்லின் டீச்சரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று சொல்லி முடிக்க வேண்டும். மற்றவர்கள் அவருடைய ஒழுங்கை, உழைப்பை, விசிலைச் சொல்வீர்கள். என்னிடம் இருப்பது பொறாமைதான். பொறாமைப்பட ஆளே இல்லாமல் போனபிறகும் அது குறையவில்லை. அதை இனிமேல் விடவும் எனக்கு மனமில்லை, அது போனால் அவரும் முழுக்கப் போய்விடுவார். அதோடு இந்தக் கொடி. துளிர்த்துவிட்டது, பந்தலைத் தொட்டுவிட்டது, போன வாரம் முதல் பூ விட்டது. பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. பெண் கொடிதான். ஆனால் எங்கள் தெருவில் இருந்த ஒரே ஆண் கொடியை வெட்டி வெந்நீர் ஊற்றியவள் நான், அதனால் இப்போதைக்கு இதுவும் காய்க்காது.

ஊருக்கு வெளியே வேலி வேலியாகத் தேடினால் ஒரு காட்டு ஆண் கொடி கிடைக்காமல் போகாது. கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது, எப்படி வெட்டுவது என்றும் தெரியும். அப்படி எடுத்து வர எனக்கு இஷ்டமில்லை. அவரை அறிந்த உங்களில் யாராவது வீட்டில் மாப்பிள்ளைக் கொடி வைத்திருந்தால், எனக்கு ஒரு துண்டு கொடுங்கள். கேட்கிறேன்.